சாய் குங் கடலோர மலையில் ஓட்டம்: எந்த வழியில் போகலாம், எங்கே வெளியே வரலாம்? (ஹாங்காங்)

மெக்ரிச்சி_ஓட்டம் (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் நடுவில் ஹாங்காங் வருகிறேன். ஒரு நாள் அலுவலக வேலை, மற்ற இரண்டு நாளும் மலையில் ஓடத்தான். சிங்கப்பூரில் எனக்குக் கிடைக்கும் பெரிய மலையே புக்கிட் தீமா, 163 மீட்டர். அதனால் அடுக்குமாடி பிளாக் படிக்கட்டில் ஏறி இறங்கித்தான் காலைத் தயார் செய்கிறேன். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி மண்பாதையில் 20 கி.மீ. சிரமமில்லாமல் ஓடுவேன்.

என் திட்டம் இது: பாக் டாம் சுங்கில் தொடங்கி, 100 கி.மீ. நீள மலைப்பாதையான மெக்லிஹோஸ் பாதையின் முதல் இரண்டு ஸ்டேஜ். 10.6-ம் 13.5-ம் சேர்ந்து 24 கி.மீ. வருகிறது. வழியில் ஷார்ப் பீக் உச்சியையும் தொட்டுவிட ஆசை. மதியம் 12 மணிக்குத் தொடங்கினால் நாலு மணி நேரத்தில் முடியும் என்று நினைக்கிறேன். அங்கேயே இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். தனியாகத்தான் ஓடுவேன்.

சாய்குங்வாசி

வாங்க தம்பி. படிக்கட்டுல பயிற்சி எடுக்கிறது ரொம்ப நல்ல விஷயம், இங்க அது நேரா உதவும். ஆனா திட்டத்தைக் கொஞ்சம் மாத்தணும்.

இந்தப் பக்கம் ஓடுறதுக்கு நான் முதல்ல பார்க்கிறது கிலோமீட்டரை இல்ல. எந்த இடத்துல இருந்து வெளியே வர முடியும்னுதான் பார்ப்பேன். மெக்ரிச்சியில கால் பிசகினா எந்தப் பக்கம் நொண்டிக்கிட்டுப் போனாலும் ரோடு வந்துடும். சாய் குங் கிழக்குப் பூங்காவுல அப்படி இல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவுல ஒத்தையடிப் பாதை. பாதையில எங்க நிக்கிறீங்களோ அதைப் பொறுத்து ரோடு பத்து நிமிஷத்துலயும் இருக்கும், ரெண்டு மணி நேரத்துலயும் இருக்கும்.

வெளியேறும் இடங்களை வரிசையா சொல்றேன், மனசுல வாங்கிக்குங்க.

ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தோட கிழக்கு அணை வரைக்கும் தார்ரோடு இருக்கு. பாக் டாம் சுங் தடுப்பைத் தாண்டி சொந்த வண்டிக்கு அனுமதி கிடையாது, ஆனா டாக்சி போகும். வார இறுதியிலயும் விடுமுறை நாளிலயும் 9ஏ மினிபஸ் ஓடும், வரிசை பெருசா இருக்கும். அங்கிருந்து இறங்கினா லாங் கே கடற்கரை. அழகான இடம், ஆனா வெளியே போக வழி கிடையாது. ஒண்ணு வந்த வழியே அணைக்குத் திரும்பணும், இல்ல சாய் வான் மலையில ஏறணும். கடல் மட்டத்துல இருந்து 314 மீட்டர், மூச்சு வாங்கவிடாத படிக்கட்டு. மலையைத் தாண்டி இறங்கினா சுய் டுங் ஆவ் கணவாய். இதுதான் முக்கியமான இடம். அங்க இடது பக்கம் திரும்பினா சாய் வான் மண்டபத்துக்குப் போற பாதை, அங்கிருந்து சாய் குங் ஊருக்கு 29ஆர் கிராம பஸ். வலது பக்கம் திரும்பினா சாய் வான் கிராமமும் கடற்கரையும். சாய் வான்ல, அடுத்து ஹாம் டின்ல, கடல் அமைதியா இருந்தா சாய் குங்குக்கு வேகப்படகு கிடைக்கும். காத்து அடிச்சா படகு வராது, அதை நம்பி போகாதீங்க. அப்புறம் ஒரு ஏற்றம் ஏறி இறங்கினா செக் கெங். அங்க சின்னப் படகுத்துறை இருக்கு, வோங் ஷெக் போற படகு நாளைக்குச் சில தடவைதான் வரும். கடைசியா பாக் டாம் ஆவ், அங்க மெயின் ரோடு, 94-ம் நம்பர் பஸ்.

நான் சொல்ற வழி: காலையில சாய் குங் ஊர்ல டாக்சி பிடிச்சு நேரா கிழக்கு அணை. அங்கிருந்து லாங் கேக்கு இறங்கி ஸ்டேஜ் 2 முழுசும். கிட்டத்தட்ட 15 கி.மீ. வரும். ஸ்டேஜ் 1-ல பெரும்பகுதி தார்ரோடுதான், அதுல காலைச் செலவு பண்ண வேண்டாம். மதியம் 12 மணி தொடக்கம் கூடவே கூடாது. டிசம்பர் நடுவுல 5.40-க்கு சூரியன் இறங்கிடும். மலைக்குப் பின்னாடி அதுக்கு முன்னாடியே இருட்டும். எட்டு மணிக்குள்ள அணையில நின்னீங்கன்னா நிதானமா ஓடலாம்.

கல்லும்மண்ணும்

அண்ணன் சொன்னதில் வெளியேறும் இடங்கள் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஸ்டேஜ் 1-ஐ வெறும் தார்ரோடு என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

அந்தச் சாலை ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கரையோடு போகிறது. அது ஒருகாலத்தில் கடல். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் இருந்த நீரிணையின் இரண்டு முனைகளையும் அணை கட்டி அடைத்து, கடல்நீரை இறைத்துவிட்டு, நன்னீரை நிரப்பினார்கள். 1978-ல் வேலை முடிந்தது. ஓடும்போது ஒரு பக்கம் ஏரி, கிழக்கு அணைக்கு வந்ததும் மறுபக்கம், ஏரி மட்டத்துக்குக் கீழே, திறந்த கடல். அணையின் கடல் பக்கத்தில் அலையை உடைக்கக் குவித்திருக்கும் பெரிய கான்கிரீட் கட்டைகளைப் பார்த்தாலே அந்தக் கடலின் வேகம் புரியும்.

அணைக்குப் பக்கத்திலேயே அறுகோணப் பாறைத் தூண்கள். சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துக் குவிந்த சாம்பல் இறுகி, குளிர்ந்து சுருங்கும்போது இப்படி வெடித்துப் பிரிந்தது. உலகில் அறுகோணத் தூண்கள் உள்ள பல இடங்களில் பாறை கருப்பு பசால்ட். இங்கே சிலிக்கா கூடிய, வெளிர் மஞ்சள் கலந்த பாறை, அதுதான் அபூர்வம். ஓரிடத்தில் தூண்கள் நேராக நிற்காமல் 'எஸ்' போல வளைந்திருக்கும். முழுவதும் இறுகுவதற்கு முன்பே நிலம் அசைந்ததால் வந்த வளைவு. ஐந்து நிமிடம் நின்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுங்கள். யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா பட்டியலில் இருக்கிற இடம்.

டாக்சியில் வந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். நேரம் இருந்தால் பாக் டாம் சுங்கில் ஏழு மணிக்கே தொடங்கி 9 கி.மீ. சாலையை மெதுவாக ஓடி வருவதும் நல்ல வழிதான். அதிகாலையில் வண்டியே இருக்காது.

மெக்ரிச்சி_ஓட்டம்

மிக்க நன்றி அண்ணா. நன்றி கல்லும்மண்ணும். வெளியேறும் இடங்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்துவிட்டேன். டாக்சி வழியே எனக்குச் சரி. ஷார்ப் பீக் பற்றி யாரும் சொல்லவில்லையே?

இரவுவிளக்கு

ஷார்ப் பீக் 468 மீட்டர்தான், எண்ணைப் பார்த்தால் பயமே வராது. ஆனால் அது மெக்லிஹோஸ் பாதையில் இல்லை. பராமரிக்கப்படும் பாதையும் கிடையாது. டாய் லாங் ஆவ் பக்கமிருந்து ஏறினால் மேல்பாதி முழுக்க உதிர்ந்த சரளை. பாறை நொறுங்கிச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிடக்கும். ஏறுவது கையும் காலும் சேர்ந்த வேலை, அதைச் சமாளிக்கலாம். இறங்கும்போதுதான் ஆபத்து. குதிகாலை ஊன்றினால் வழுக்கும், முன்பாதத்தை ஊன்றினால் கற்கள் உருண்டு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதில் ஓட முடியாது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். மீட்பு ஹெலிகாப்டர் வரும் இடங்களில் இதுவும் ஒன்று. எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள்.

தனியாக, முதல் தடவை வருகிறவருக்கு வேண்டாம். உச்சியின் அழகை ரசிக்க, ஹாம் டினுக்கு அடுத்த டாய் வான் கடற்கரை மணலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். அந்தக் கூம்பு வடிவம் கீழிருந்துதான் முழுதாகத் தெரியும்.

தாம்பரம்தம்பி

நான் போன மாசம்தான் வேலைக்காக ஹாங்காங் வந்தேன். சென்னையில ரோட்டுல ஓடுனவன், மலை இதுதான் முதல் தடவை. இந்த இழையைப் பார்த்து எனக்கும் ஆசையா இருக்கு. ரெண்டு சந்தேகம். வழியில ஓடைத் தண்ணி குடிக்கலாமா? டிசம்பர்ல குளிர் தாங்குமா?

சாய்குங்வாசி

ஓடைத் தண்ணி குடிக்காதீங்க தம்பி. மேல மாடு மேயுது, அது ஒண்ணே போதும் காரணம். சாய் வான் பக்கத்துல ஷெங் லுக் ஓடையில அடுக்கடுக்கா குளம் இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவா தெரியும். அதையும் பார்க்கிறதோட விட்டுடணும். அந்தப் பாறை மேல பாசி, வழுக்கி விழுந்தவங்க நிறைய.

தண்ணிக்கு என் கணக்கு: பாக் டாம் சுங்ல பாட்டில் நிரப்புற குழாய் இருக்கு. அதை விட்டா சாய் வான், ஹாம் டின் கடைங்கதான். அணையில இருந்து சாய் வான் கடை வரைக்கும் ஒண்ணும் கிடையாது, நடுவுல அந்த 314 மீட்டர் ஏற்றம். ஒன்றரை லிட்டர் முதுகுல இருக்கணும், குளிர்காலமா இருந்தாலும். ஹாம் டின் கடையில சூடா நூடுல்ஸ், முட்டை, குளிர்பானம் எல்லாம் கிடைக்கும். ஆனா வார நாள்ல கடை மூடியிருக்கிறதும் உண்டு. கையில கொஞ்சம் நோட்டும் வச்சுக்குங்க, பஸ், கடைகள்ல பணம் கட்டுற ஆக்டோபஸ் அட்டையை மட்டும் நம்பி அந்தப் பக்கம் போகக் கூடாது.

குளிரைப் பத்தி: ஊருக்குள்ள 15-ல இருந்து 20 டிகிரி இருக்கும், ஓட அருமையான காலம். கோடையில இதே வழியில வெயில்ல சுருண்டு விழுவாங்க. ஆனா சாய் வான் மலை முகட்டுல மரமே கிடையாது. வடகிழக்குக் காத்து நேரா வந்து அறையும். ஏறும்போது வேர்த்து நனைஞ்ச சட்டை அங்க ரெண்டு நிமிஷத்துல ஐஸ் ஆயிடும். மடிச்சா கைக்குள்ள அடங்குற காத்துத் தடுப்பு ஜாக்கெட் ஒண்ணு போதும். முகட்டுக்கு ஏறி நின்ன பிறகு மாட்டாதீங்க, அதுக்கு முன்னாடி கடைசித் திருப்பத்துலயே மாட்டிக்குங்க.

அந்திமலை

எல்லோரும் சாய் குங் பற்றியே பேசுகிறீர்கள், லாண்டாவ் தீவுப் பக்கம் ஒருவர்கூட வரவில்லையே. நான் துங் சுங்கில் இருக்கிறேன். மெக்ரிச்சி தம்பிக்கு இரண்டு நாள் இருக்கிறது, இரண்டாவது நாளை லாண்டாவுக்குக் கொடுக்கட்டும்.

லாண்டாவ் பாதை மொத்தம் 70 கி.மீ., 12 ஸ்டேஜ். அதில் ஸ்டேஜ் 2-ம் 3-ம் சேர்த்தால் 11 கி.மீ.தான். ஆனால் இடையில் 869 மீட்டர் சன்செட் பீக், அப்புறம் பாக் குங் ஆவ் கணவாய்க்கு முழுக்க இறங்கி, மறுபடி 934 மீட்டர் லாண்டாவ் பீக், கடைசியில் நொங் பிங் பெரிய புத்தர் பக்கத்தில் இறக்கம். சிங்கப்பூர்க் காலுக்கு இந்த 11 கி.மீ. அங்கே ஓடும் 25 கி.மீ.க்குச் சமம். படிக்கட்டு, படிக்கட்டு, படிக்கட்டு. கருங்கல்லை ஒழுங்கில்லாமல் பதித்த படிகள். ஒன்று முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது நாலு விரல் உயரம்.

சன்செட் பீக் முகட்டில் இலையுதிர் காலத்தில் வெள்ளிப் புல் பூத்து மலையே வெளுத்துக் கிடக்கும். டிசம்பர் நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதன் நடுவே பழைய கற்குடில்கள், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரிமார்கள் கோடையைக் கழிக்கக் கட்டியவை. ஓட்டத்துக்கு ஏற்ற பகுதி அந்தக் குடில்களை ஒட்டிய சமதளம்தான். மற்ற இடமெல்லாம் கையைத் தொடையில் ஊன்றி ஏற வேண்டியதுதான்.

அண்ணன் சொன்ன கணக்குப்படி பார்த்தாலும் லாண்டாவ் நல்ல இடம். நடுவில் பாக் குங் ஆவில் பேருந்துச் சாலை குறுக்கே போகிறது. முதல் மலையிலேயே கால் தளர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி துங் சுங் பேருந்தில் ஏறலாம். நொங் பிங்கில் பேருந்தும் கேபிள் காரும் இருக்கின்றன. ஆனால் மேகம் இறங்கிவிட்டால் லாண்டாவ் பீக்கில் பத்தடி தள்ளி எதுவும் தெரியாது. ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் அறிவிப்பைக் காலையில் பாருங்கள். மேகம் என்றால் இரண்டாவது மலையை விட்டுவிடுங்கள்.

மெக்ரிச்சி_ஓட்டம்

அக்கா, இதைப் படித்ததுமே லாண்டாவ் உறுதியாகிவிட்டது. ஆனால் முதல் நாள் சாய் குங், மறுநாளே லாண்டாவ் என்றால் முட்டி தாங்குமா?

இரவுவிளக்கு

முட்டி அல்ல, தொடைதான் முதலில் போகும். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம்தான் தசையைக் கிழிக்கும். நீங்கள் பிளாக் படிக்கட்டில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறீர்களா? அப்படியென்றால் இன்றிலிருந்து நடந்தே இறங்குங்கள். வருவதற்கு இரண்டு வாரம் முன்பு வரை செய்துவிட்டு நிறுத்திவிடுங்கள். இறங்கும் பயிற்சிதான் மறுநாள் உங்களைப் படியில் பக்கவாட்டில் இறங்கவிடாமல் காப்பாற்றும்.

கைத்தடியும் பரிந்துரைப்பேன். இங்கே நவம்பரில் நடக்கும் டிரெயில்வாக்கரில் பாருங்கள், அனுபவசாலிகள் பெரும்பாலோர் கையில் தடி இருக்கும். தெரியாதவர்களுக்காக: 1981-ல் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கியது அது. பெரும்பாலும் மெக்லிஹோஸ் பாதை வழியே போகும் 100 கி.மீ.யை நாலு பேர் குழுவாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1986-லிருந்து பொதுமக்களும் சேர, ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் நிதி திரட்டும் நிகழ்வானது. நாலு பேரும் சேர்ந்தே முடிக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். வேகமாக ஓடுகிறவன் தன் குழுவில் மெதுவாக வருகிறவனின் வேகத்துக்கு இறங்கி வந்தாக வேண்டும். இரவில் ஊசி மலை ஏற்றத்தில் தூக்கம் கண்ணைச் சொருகும்போது பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே வருவதன் அருமை அப்போதுதான் தெரியும்.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். தனியாகத்தான் ஓட வேண்டுமா?

தாம்பரம்தம்பி

நான் வரலாமா? சாய் குங் நாளுக்கு மட்டும். ஆனா எனக்கு அவர் வேகம் இருக்காது.

சாய்குங்வாசி

தாராளமா போங்க. ரெண்டு பேர் போறதுதான் எனக்கும் நிம்மதி. ஆனா தாம்பரம்தம்பி, நீங்க முதல் தடவைங்கிறதால கணக்கை இப்பவே பேசி வச்சுக்குங்க. சுய் டுங் ஆவ் வந்து சேரும்போது மணி 10.30 தாண்டிடுச்சுன்னா, இல்ல கால் இழுக்குதுன்னா, நீங்க இடது பக்கம் திரும்பி சாய் வான் மண்டபத்துக்குப் போயி 29ஆர் பிடிங்க. அது தோல்வி இல்ல. அதுவரைக்கும் வந்ததே நல்ல ஓட்டம். கடல் பார்க்காமப் போறோமேன்னு கீழ சாய் வானுக்கு இறங்கிட்டா, அப்புறம் திரும்பி ஏற மனசு வராது, முன்னாடி போகவும் கால் வராது. அந்தக் கணவாயிலதான் முடிவு எடுக்கணும்.

கல்லும்மண்ணும்

ஹாம் டின் பற்றி ஒரு தகவல். கடற்கரைக்கும் கடைகளுக்கும் நடுவே ஓடைமேல் மரப்பலகைப் பாலம் ஒன்று இருக்கிறது. ஆள் ஒருவர் போகும் அகலம்தான், பிடிமானம் கிடையாது. எதிரே வருகிறவர்களை முதலில் விட்டுவிட்டு ஏறுங்கள். ஓடிக்கொண்டே தாண்டப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, மாடுகள். சாய் வான், ஹாம் டின் கடற்கரைகள் இருக்கும் டாய் லாங் வான் விரிகுடா மணலில் கூட்டமாகப் படுத்திருக்கும். விவசாயத்தைக் கைவிட்டு ஊர்க்காரர்கள் நகரத்துக்குப் போனபோது விட்டுப்போன மாடுகளின் வாரிசுகள். சாதுவானவை, நம் ஊர் மாடு மாதிரிதான். ஆனால் கன்று இருந்தால் சுற்றிப் போங்கள். தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள், ஓட்டப் பையை மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். குப்பைத் தொட்டியும் பாதையில் எங்கும் கிடையாது. 2017 இறுதியோடு எல்லாத் தொட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். ஜெல் கவர், வாழைப்பழத் தோல் உட்பட எல்லாமே உங்களோடு திரும்பி வர வேண்டும்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சாய் வானிலிருந்து செக் கெங் வரை பாதையில் பெரும்பகுதிக்கு கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். கிராமத்துக்கு வழி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மலைச்சரிவில் கான்கிரீட் போட்டால் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓரமாகப் பாய்ந்து அரிக்கிறது. காலுக்கும் அது கடினம் என்பதால் நாம் ஓரத்து மண்ணில் ஓடுகிறோம், அரிப்பு இன்னும் கூடுகிறது. கான்கிரீட் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் ஆழப் பள்ளம் விழுந்த இடங்களைப் பார்க்கலாம். ஓடுகிற எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்: கால் வலித்தாலும் பாதையின் நடுவிலேயே ஓடுங்கள். திருப்பங்களில் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள். பூங்காத் துறை தொண்டர்களைச் சேர்த்துக் கல்லும் மரமும் வைத்துப் பாதை செப்பனிடும் பயிலரங்குகள் நடத்துகிறது. ஒரு படிக்கல்லைச் சரியாக உட்கார வைக்க எத்தனை பேர் எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் யாருக்கும் குறுக்கே வெட்ட மனம் வராது.

அந்திமலை

இதை நானும் வழிமொழிகிறேன். லாண்டாவில் குறுக்கு வழிகளால் முகடு ஒன்று இரண்டாகப் பிளந்தது போல் ஆகிவிட்டது. மழைக்காலம் முடிந்து போனால் புதிய வாய்க்கால் ஒன்று விழுந்திருக்கும்.

மெக்ரிச்சி_ஓட்டம்

நடுவிலேயே ஓடுகிறேன், உறுதியாக. தாம்பரம்தம்பி, சேர்ந்தே போவோம், உங்கள் வேகம்தான் என் வேகம். தனிச்செய்தி அனுப்புகிறேன்.

கடைசியாகச் சில கேள்விகள். காலணி எது? அவசரமானால் யாரைக் கூப்பிடுவது? ஹாம் டினில் கடலில் குளிக்கலாமா?

இரவுவிளக்கு

காலணி: தார்ரோடு, கான்கிரீட், கல்படி, சரளை எல்லாம் ஒரே நாளில் வரும். சேற்றுக்கான ஆழமான கட்டை வைத்த காலணி கான்கிரீட்டில் படுத்தும். நடுத்தரமான பிடிப்பு, முன்னால் விரலுக்கு இடம், அது போதும். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டும், அதனால் நகத்தை முந்தின வாரமே வெட்டிவிடுங்கள். புதுக் காலணியை விமானத்திலிருந்து இறங்கி நேரே மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அவசரம்: 999. மெக்லிஹோஸ் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். 'எம்' எழுத்தும் மூன்று இலக்க எண்ணும் இருக்கும், போகப் போக எண் ஏறிக்கொண்டே போகும். அதன்கீழே வரைபடக் குறியீட்டு எண்ணும் இருக்கும். தாண்டும் ஒவ்வொரு கம்பத்தின் எண்ணையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். விழுந்த பிறகு கம்பத்தைத் தேடிக்கொண்டு நடக்க முடியாது. கடைசியாகப் பார்த்த எண் நினைவிலிருந்தால் மீட்புக் குழுவுக்கு அரை கிலோமீட்டருக்குள் உங்கள் இடம் தெரிந்துவிடும். பள்ளங்களில் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லேம்ப் காலையில் கிளம்பினாலும் பையில் இருக்கட்டும்.

குளியல்: முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம். டாய் லாங் வானின் நான்கு கடற்கரைகளில் எதிலும் உயிர்காப்பாளர் கிடையாது. பெயரே பெரிய அலை விரிகுடா, அலை திரும்பும்போது இழுப்பு பலமாக இருக்கும். ஓடிக் களைத்த காலோடு அதில் இறங்கக் கூடாது.

தாம்பரம்தம்பி

கம்பம் எண் விஷயம் ரொம்ப உபயோகமா இருக்கு அண்ணே. சாப்பிட என்ன எடுத்துட்டு வரட்டும்? ஜெல் எனக்கு வயித்துக்குச் சேரலை.

அந்திமலை

சுங்கிங் மேன்ஷனில் இருக்கும் நம் நாட்டு மளிகைக் கடைகளில் தேடிப் பாருங்கள், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் எல்லாம் கிடைக்கும். நான் லாண்டாவில் ஓடும்போது கடலைமிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும்தான். மென்று விழுங்கப் பொறுமை வேண்டும், அதனால் ஏறும்போது சாப்பிடாதீர்கள், முகட்டில் சமதளம் வந்ததும் சாப்பிடுங்கள். ஓட்டம் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே ஒரு வாய் உள்ளே போயிருக்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் பலன் இல்லை.

சாய்குங்வாசி

செக் கெங் தாண்டினதும் கடைசிப் பகுதி பத்தியும் கேட்டுக்குங்க, ஏன்னா எல்லாரும் அங்கதான் அசட்டையா விடுவாங்க. கடலோரமா தட்டையான பாதை, அலையாத்திச் செடி நிக்கிற உள்வாங்கின விரிகுடா, பழைய தேவாலயம், ஆளில்லாத வீடுங்க. இனிமே முடிஞ்சதுன்னு தோணும். முடியலை. பாக் டாம் ஆவ் கணவாய்க்கு நிழலான, நீளமான ஏற்றம் ஒண்ணு மிச்சம் இருக்கு. செக் கெங்ல கையில அரை லிட்டர் தண்ணி இருக்கணும். ஹாம் டின் கடையில நிரப்பினதை அதுவரைக்கும் காலி பண்ணாதீங்க.

பாக் டாம் ஆவ்ல ரோட்டுக்கு வந்ததும் ஸ்டேஜ் 3 எதிர்ப்பக்கம் மேல ஏறிப் போகும். அங்க போகாதீங்க, அது வேற ஒரு நாள் வேலை. பஸ் நிறுத்தம் ரெண்டு பக்கமும் இருக்கு, சாய் குங் ஊருக்குப் போற பக்கம் நில்லுங்க. வார நாள்ல 94 அரை மணிக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்க. விடுமுறை நாள்ல 96ஆர் நேரா டைமண்ட் ஹில் எம்டிஆர் நிலையத்துக்கே கொண்டுபோய் விடும். ஆனா மாலை நாலு மணிக்கு மேல வோங் ஷெக்ல இருந்தே நிறைஞ்சு வரும், சில நேரம் நிறுத்தாமயே போயிடும். ரெண்டு மணிக்குள்ள அங்க வந்து சேர்ந்தீங்கன்னா உட்கார்ந்தே ஊருக்கு வரலாம். வேர்த்த சட்டையை மாத்த ஒரு காய்ஞ்ச சட்டை பையில வச்சுக்குங்க, பஸ்ல ஏசி கடுமையா இருக்கும். நாள் உறுதியானதும் இங்கயே எழுதுங்க. அன்னைக்குக் காலையில நான் சாய் குங் டாக்சி ஸ்டாண்டுல வந்து பார்க்கிறேன். கிழக்கு அணைன்னு சீன மொழியில எழுதின துண்டுச்சீட்டு ஒண்ணு தர்றேன், டிரைவருக்குக் காட்டினா போதும்.